கொசுவுக்கு அடிக்கிற புகையும் வீட்டுத் தேன் பெட்டியும்

கேள்வி:

ஐயா, கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் இருபது தேன் பெட்டிகள் வைத்திருக்கிறேன். கணவர் பால்வெட்டுத் தொழிலாளி. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு தேன் பணத்தில்தான் நடக்கிறது.

போன ஐப்பசியில் எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு டெங்கு வந்து ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் புகை மெஷினோடு ஆட்கள் வந்து தெரு முழுக்க அடித்துவிட்டுப் போனார்கள். முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. விடிந்து பார்த்தால் ஏழெட்டுப் பெட்டிகளின் வாசலில் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தன. உயிரோடு இருந்தவை தரையில் சுற்றிச் சுற்றி வந்தன. அடுத்த சில நாட்களில் இரண்டு பெட்டிகள் முழுவதும் காலியாகிவிட்டன.

இந்த வருஷமும் மழை தொடங்கிவிட்டது. புகை அடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம் என்று சொன்னேன். "பிள்ளைங்க உசுரைவிட உனக்குத் தேனீ பெருசா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். காய்ச்சல் வந்தது அவர் பையனுக்குத்தான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தேனீக்கள் செத்தது புகையாலா, ஏதாவது நோயாலா? கொசுவும் ஒழிய வேண்டும், பெட்டியும் பிழைக்க வேண்டும் என்றால் என்ன வழி? புகை அடித்த சமயத்தில் பெட்டியில் இருந்த தேனைச் சாப்பிடலாமா?

– ஒரு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்த அக்கா கேட்டது நியாயமான கேள்வி. பிள்ளையை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, தட்டணுக்கள் எத்தனை ஆயிரம் குறைந்தன என்று நாளுக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருந்த தாய் அவர். 2017-ல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது; அரசுக் கணக்கிலேயே 65 பேர் இறந்தார்கள். 2012-ல் திருநெல்வேலிப் பக்கம் டெங்குவால் பட்ட பாட்டை உங்கள் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உயிரா தேனீயா என்ற நிலை உண்மையிலேயே வந்தால் உயிர்தான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது, உங்களுக்கும் இருக்காது.

ஆனால் தெருவில் அடித்த அந்தப் புகைதான் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறது என்று அந்த அக்கா நம்புகிறார். ஊரே அப்படித்தான் நம்புகிறது. உண்மையில் டெங்கு விஷயத்தில் இருப்பதிலேயே பலம் குறைந்த ஆயுதம் தெருப்புகைதான். கண்ணுக்குத் தெரிகிறது, வாடை வருகிறது, ஏதோ நடக்கிறது என்ற தெம்பு கிடைக்கிறது. அதனால் ஜனங்களும் கேட்கிறார்கள், அதிகாரிகளும் அடிக்கிறார்கள்.

அது ஏன் என்று சொல்லுமுன் உங்கள் முதல் கேள்வியைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் விஷத்தைத்தான் காட்டுகின்றன. ஒரே இரவில், பல பெட்டிகளில் ஒன்றாக, வளர்ந்த தேனீக்கள் வாசலில் குவிந்து சாவது நோயின் வேலை அல்ல. செத்த தேனீயைக் கையில் எடுத்துப் பார்த்தால் நாக்கு வெளியே நீண்டிருக்கும். உயிரோடு இருப்பவை மல்லாந்து காலை உதறும், நடுங்கும், ஒரே இடத்தில் சுற்றும். வெளியே போய்த் திரும்பும் தேனீயைக் காவல் தேனீக்கள் உள்ளே விடாமல் சண்டை போடுவதும் உண்டு. 1991, 92-ல் தென்னிந்தியாவின் தேன் பெட்டிகளைத் துடைத்துப்போட்ட தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் நோயை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அதில் சாவது புழுக்கள். சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் மூடாத அறைகளில் புழு தலையைத் தூக்கியபடி, நீர் கோத்த பையாகக் கிடக்கும். உங்கள் அடைகளில் அப்படி எதுவும் இல்லையென்றால் நோய் என்ற சந்தேகத்தை விட்டுவிடலாம்.

ஒன்றை மட்டும் விசாரித்துப் பாருங்கள். அதே இரண்டு நாட்களுக்குள் பக்கத்து வாழைத் தோட்டத்திலோ காய்கறி வயலிலோ யாராவது மருந்து அடித்தார்களா? பயிருக்கு அடிக்கும் மருந்து கொசுப்புகையைவிடப் பல மடங்கு கனமாக விழும், இலையில் நாள் கணக்கில் நிற்கும். இனி இப்படி நடந்தால் செத்த தேனீக்களில் ஒரு கைப்பிடி எடுத்துக் காகித உறையில் போட்டு, தேதி, நேரம் எழுதி, ஃப்ரீசரில் வையுங்கள். வாசலைப் போட்டோ எடுங்கள். திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டி, எங்கே பரிசோதிக்கலாம் என்று கேட்கலாம். வாய்ச்சண்டையில் தீராதது சில சமயம் இதில் தீரும்.

இப்போது கொசுவுக்கு வருகிறேன். டெங்கு பரப்பும் ஏடிஸ், சாக்கடைக் கொசு அல்ல. தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில், தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் ஒட்டினாற்போல் முட்டை இடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பொரித்து ஏழு முதல் பத்து நாட்களில் கொசுவாகப் பறக்கும். கடிப்பது பகலில், காலை வெயில் ஏறுமுன்பும் பொழுது சாயுமுன்பும் கடி அதிகம். கடித்து முடித்தால் கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்கும் துணிக்குப் பின்னால், பீரோ இடுக்கில் போய் உட்காரும். பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்கு மேல் அது பெரும்பாலும் போவதில்லை.

தெருவில் போகிற புகை இந்தக் கொசுவை எப்படிப் பிடிக்கும்? டீசலில் கலந்த மாலத்தியானோ சைபெனோத்ரினோ, சூட்டில் மிக நுண்ணிய துளிகளாகி மிதக்கிறது. அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசு மேல் துளி பட்டால் சாகும். வீட்டுக்குள் கொடித்துணிக்குப் பின்னால் இருப்பதன் மேல் படாது. தண்ணீரில் நெளியும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. புகை கலைந்த பிறகு அந்த இடத்தில் மருந்தின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். ஒரு வாரத்தில் பழைய புழுக்கள் புதுக் கொசுக்களாக எழும்பி வரும். இரவில் கடிக்கும் சாக்கடைக் கொசுவுக்கு இருட்டிய பிறகு புகை அடித்தால் கொஞ்சம் பலன் உண்டு. ஏடிஸுக்கு, நோய் கண்ட வீட்டுக்குள்ளும் அதைச் சுற்றிய வீடுகளுக்குள்ளும் போய், மண்ணெண்ணெயில் கலந்த பைரெத்ரம் மருந்தைக் கதவு சன்னலை மூடித் தெளிப்பதுதான் சரியான முறை. நோய் பரவும் இடத்தில் செய்ய வேண்டியதாக அரசின் வழிகாட்டுதலே சொல்லும் முறை இது. கொசு உட்காரும் இடத்துக்கே மருந்து போகிறது; பறந்து திரியும் தேனீ மேல் படுவதும் குறைவு.

உங்கள் பெட்டிகள் அடிபட்டதற்குக் காரணம் மருந்து மட்டும் அல்ல, மணியும்தான். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊரில் ஆறு மணியை ஒட்டிப் பொழுது அடையும். ஐந்து மணிக்கு இந்தியத் தேனீ இன்னும் வேலையில் இருக்கும். கூட்டம் கூட்டமாக வீடு திரும்பும் நேரம் அது. அந்த வழியில் புகை நின்றால் ஒவ்வொன்றும் அதற்குள் புகுந்து வந்தாக வேண்டும். காலையிலும் இதே கதை. விடிந்ததும் விடியாததுமாக வெளியே கிளம்புகிற இனம் இது.

கொசுவின் எடை இரண்டு, மூன்று மில்லிகிராம். ஒரு தேனீ அதைவிட இருபது மடங்காவது இருக்கும். கொசுவைக் கொல்லும் அளவுக்குச் சரியாகப் பிரித்த நுண்துளி ஒன்று தேனீ மேல் பட்டால் அது சாக வேண்டும் என்பதில்லை. அளவு சரியாக இருந்து, தேனீக்கள் கூட்டுக்குள் அடங்கிய பிறகு அடித்தால் சேதம் மிகக் குறைவாகவே இருக்கும். அளவு தப்புவது மெஷினில்தான். குழாய் சூடேறுமுன் மருந்தைத் திறந்துவிட்டால் அது புகையாகாமல் எண்ணெயாகச் சொட்டும். மெஷினைத் தூக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்று அடித்தாலும், முனையைச் செடிக்குள் நுழைத்துப் பிடித்தாலும் அப்படித்தான். உங்கள் வேலியோரத்துச் செடி இலைகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்திருந்தால் மறுநாள் காலையில் அந்தச் செடிகளின் பூக்களில் உட்கார்ந்த தேனீக்களும் செத்திருக்கும். மாலத்தியான் இலையில் ஓரிரு நாள் வேலை செய்யும்.

நேரம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் பார்த்த ஒரு சம்பவம் உண்டு. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் டார்செஸ்டர் கவுண்டி. 2016-ல் அங்கே வெளியூர் போய் வந்த நான்கு பேருக்கு ஜிகா காய்ச்சல் கண்டது. ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் சம்மர்வில் ஊர்ப் பக்கம் விமானத்திலிருந்து நாலெட் என்ற மருந்தைத் தெளித்தார்கள். அதுவரை அங்கே லாரியில் வைத்து இரவில் அடிப்பதுதான் வழக்கம். அறிவிப்பு கொடுத்தோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பெட்டி வைத்திருந்த பலருக்கு அது எட்டவில்லை. ஒரு பண்ணையில் மட்டும் 46 பெட்டிகள், ஏறத்தாழ 25 லட்சம் தேனீக்கள் ஒரே காலையில் போயின. கவுண்டி நிர்வாகம் பிறகு வருத்தம் தெரிவித்தது. சூரியன் உதித்த பிறகு அடித்தது, பெட்டிக்காரர்களுக்குத் தகவல் எட்டாமல் அடித்தது, இந்த இரண்டும்தான் அந்தச் சேதத்துக்குக் காரணம். உங்கள் தெருவில் நடந்ததும் அளவில் சிறியதே தவிர, இதேதான்.

இனி நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். புகை ஏன் வந்தது? கொசு இருந்ததால் வந்தது. கொசு எங்கே பிறந்தது? உங்கள் ஊர் அமைப்பில் அதில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்தில் பிறந்திருக்கும்.

உங்கள் கணவரைக் கேளுங்கள். ஒரு ஏக்கரில் நூற்றைம்பது மரங்களுக்கு மேல் நிற்கும். ஒவ்வொரு மரத்திலும் ஒரு சிரட்டையோ பிளாஸ்டிக் கப்போ கம்பியில் தொங்கும். பெருமழையில் பால்வெட்டு நின்றதும் அவை வானம் பார்த்தபடி அப்படியே கிடக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் தண்ணீர், மேலே உதிர்ந்த இலை, நிழல், காற்றில்லாத ஈரம். டெங்குவைப் பரப்பும் இன்னொரு கொசுவான ஆசியப் புலிக்கொசுவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. உடம்பும் காலும் கறுப்பு வெள்ளை வரியோடு, முதுகில் ஒரே ஒரு வெள்ளைக் கோட்டோடு இருக்குமே, அதுதான். தோட்டத்துக்குள் நுழைந்ததும் காலைப் பிடுங்கும் அது, தோட்டத்தை ஒட்டிய வீடுகளுக்கும் வரும். ஒரு சிரட்டையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. நிழல் பட்டதும் அடியில் ஒட்டிக் கிடந்தவை துள்ளி நெளியும். ஒரு சிரட்டையில் இருபது முப்பது புழுக்கள் இருந்தால் ஒரு தோட்டத்துக்கு எத்தனை என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தேனும் அதே மரத்திலிருந்துதான் வருகிறது. மாசி, பங்குனியில் தளிர்விடும் ரப்பர் இலைக்காம்பில் சுரக்கும் மதுவைத்தான் உங்கள் தேனீக்கள் பெட்டியில் நிரப்புகின்றன. ஆக, வெட்டு நின்ற அன்று சிரட்டைகளைக் கவிழ்த்து மாட்டிவிட்டு வருவது தோட்டக்காரருக்கு மட்டுமான வேலை அல்ல. அந்தத் தோட்டத்தை நம்பிப் பெட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு. உங்கள் கணவரும் கூட வேலை செய்பவர்களும் சேர்ந்தால் ஒரு தோட்டத்தை ஒரு காலையில் முடித்துவிடலாம். அதற்கான கூலியைத் தோட்ட முதலாளி கொடுக்க வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் கேளுங்கள். கொசு பிறக்க இடம் கொடுப்பதைத் தடுக்கும் பிரிவுகள் 1939-ம் வருஷத்துத் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கின்றன. சுகாதார ஆய்வாளர் ஒரு நோட்டீஸ் கொடுத்தால் காரியம் நடக்கும்.

அடுத்ததைக் கொஞ்சம் சங்கடத்தோடுதான் சொல்கிறேன். உங்கள் பெட்டிகளை எறும்பிலிருந்து காக்கத் தாங்கிக் காலில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பீர்கள். நியூட்டன் பெட்டி வைத்திருக்கும் எல்லோரும் செய்வதுதான். நிழலில், வீட்டுக்குப் பத்தடி தூரத்தில், மழைக்காலம் முழுக்க வற்றாமல் நிற்கும் நல்ல தண்ணீர் அது. பயிற்சிகளில் எறும்புக்குக் கிண்ணம் வைக்கச் சொல்லித் தருகிறார்கள்; ஐந்து நாளைக்கு ஒருமுறை அதைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்பதை அழுத்திச் சொல்வதில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவது போதாது. முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். தேங்காய் நாரை வைத்து விளிம்பைச் சுற்றி அழுத்தித் தேய்த்து, வெயிலில் சற்றுக் கவிழ்த்து வைத்துப் பிறகு நிரப்புங்கள். அது முடியாதென்றால் தண்ணீரே வேண்டாம். காலைச் சுற்றித் துணி கட்டி அதன் மேல் கிரீஸ் பூசிவிடுங்கள். தூசி படிந்து காய்ந்தால் எறும்பு ஏறிவிடும் என்பதால் அதையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். தேனீ குடிக்கத் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைப்பீர்களானால் அதைத் தினமும் மாற்றுங்கள். புகைக்கு எதிராக நீங்கள் ஊரில் வாய் திறக்குமுன் இந்தக் கிண்ணங்கள் சுத்தமாக இருக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் பணியாளர் முதலில் அங்கேதான் டார்ச் அடித்துப் பார்ப்பார்.

வீட்டைச் சுற்றி மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே: தொட்டி மூடி, ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, ஆட்டுக்கல் குழி, பழைய டயர். விவரிக்கத் தேவையில்லை.

கொட்டவும் கவிழ்க்கவும் முடியாத தண்ணீர் என்று சில இருக்கும்: தோட்டத் தொட்டி, கட்டட வேலைக்குப் பிடித்து வைத்த தண்ணீர், பாழுங்கிணறு. கிணற்றில் கப்பி மீன் விடலாம். புழுவைத் தின்று தீர்க்கும். தொட்டிகளுக்குப் பி.டி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லும் நுண்ணுயிர் மருந்து இருக்கிறது. 1976-ல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்து மிதந்த ஒரு குட்டையில் கண்டெடுத்த பாக்டீரியா அது. புழு அதைத் தின்றதும் அதன் குடலில் உள்ள காரத்தன்மையில் நச்சுப் புரதம் கரைந்து குடலை அரித்துவிடும். தேனீக்கு அதனால் கெடுதல் இல்லை, மீனுக்கும் மனிதருக்கும் இல்லை. புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய நோய்ப்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இதே பாக்டீரியாவின் உள்நாட்டு வகை ஒன்றைக் கண்டு, மருந்தாகத் தயாரிக்கும் முறையையும் உருவாக்கியிருக்கிறது. தேன் பெட்டிகள் நிறைந்த ஊர்களுக்கு இந்த மருந்தைத்தான் முதலில் தர வேண்டும் என்று பேரூராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள். நானாக இருந்தால் புகைக்குச் செலவாகும் டீசல் பணத்தை இதற்குத் திருப்பிவிடுவேன்.

குடிதண்ணீர்த் தொட்டியில் பணியாளர்கள் ஊற்றும் அபேட் மருந்தைப் பற்றியும் பயம் இருக்கலாம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில் கலந்த தண்ணீரைக் குடித்துத் தேனீக்கள் கூட்டமாகச் சாக வாய்ப்பு மிகக் குறைவு. கலப்பதற்கு முந்தைய கெட்டி மருந்து பெட்டிப் பக்கம் சிந்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆக, புகை அடிக்க வேண்டாம் என்று மனு எழுதாதீர்கள். இப்படிக் கேட்டு எழுதுங்கள். எங்கள் தெருவில் காய்ச்சல் கண்டால் முதலில் வீடுகளுக்குள் மருந்து தெளியுங்கள். தெருவில் அடித்தே ஆக வேண்டும் என்றால் பொழுது அடைந்த பிறகு, ஆறரைக்கு மேல் அடியுங்கள். முந்தின நாள் ஒரு போன் செய்யுங்கள். பெட்டிகள் இருக்கும் கொல்லைப் பக்கம் முனையைத் திருப்பாமல், மெஷினை வெளியே ரோட்டில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு வாருங்கள். பழைய வீட்டுச் சுவர்ப் பொந்திலும் மீட்டர் பெட்டியிலும் கொசுத்தேனீ கூடு கட்டியிருந்தால் அந்தச் சுவரோடு ஒட்டி அடிக்காதீர்கள். அந்தக் கூட்டை மூடவோ நகர்த்தவோ முடியாது.

ஊரில் யார் யார் வீட்டில் எத்தனை பெட்டி என்று ஒரு தாளில் தெரு வரைந்து குறித்து, அந்த மனுவோடு சுகாதார ஆய்வாளரிடம் கொடுங்கள். மனுவில் பெட்டி வைத்திருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவும் போட்டால் அதன் எடையே வேறு. தேசியத் தேனீ வாரியத்தின் மதுக்கிராந்தி இணையதளத்தில் பதிவு செய்திருந்தால் அந்தப் பதிவு எண்ணையும் எழுதுங்கள். புகைக்கு முன் தகவல் தரும் ஏற்பாடு அதில் இல்லை. ஆனால் நீங்கள் பொழுதுபோக்குக்காகப் பெட்டி வைத்திருக்கவில்லை, தொழில் செய்கிறீர்கள் என்பதற்கு அது சான்று.

தகவல் வந்த அன்று செய்ய வேண்டியது இதுதான். இருட்டி, கடைசித் தேனீயும் உள்ளே போன பிறகு வாசலைக் கம்பி வலையால் மூடுங்கள். கட்டை வைத்து அடைத்துவிடாதீர்கள். காற்று போக வேண்டும். நனைத்துப் பிழிந்த சாக்கைப் பெட்டி மேல் நான்கு பக்கமும் தொங்கும்படி போடுங்கள். விடியுமுன் சாக்கை எடுத்து, வாசல் பலகையை ஈரத்துணியால் துடைத்து, தண்ணீர்த் தட்டைக் கழுவி நிரப்பி, வலையை எடுத்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகும் மூடி வைத்தால் உள்ளே சூடேறிக் கூட்டமே செத்துவிடும், அல்லது திறந்ததும் பெட்டியைவிட்டு ஓடிவிடும்.

சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து நின்றால் வாசலை மூடவே கூடாது. வெளியே இருக்கும் பாதிக் கூட்டம் புகைக்குள் நிற்கும்படி ஆகும். ஈரச்சாக்கை மட்டும் தளர்வாகப் போட்டு, திரும்பி வருபவை அடியில் புகுந்து போக வழி விடுங்கள். அடிக்க வந்தவரிடம் தன்மையாக, ஒன்றரை மணி நேரம் கழித்து இந்தப் பக்கம் வரச் சொல்லிக் கேளுங்கள். அவரும் தினக்கூலிக்குப் புகையை மூச்சில் வாங்கிக்கொண்டு வேலை செய்பவர். நான் பார்த்தவரை, காரணத்தைச் சொன்னால் தெருவின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பிக்க மறுப்பவர்கள் குறைவு.

இப்போது கையில் இருக்கும் பெட்டிகளைப் பற்றி. வெளியே போகும் தேனீக்கள் செத்தாலும் ராணியும் புழுக்களும் பிழைத்திருந்தால் கூட்டம் தேறும். ஆனால் நாள் பிடிக்கும். முட்டை தேனீயாக 18, 19 நாட்கள். அது வெளியே வேலைக்குப் போக மேலும் இரண்டு, மூன்று வாரங்கள். ஐப்பசியில் அடிபட்ட பெட்டி மார்கழியில்தான் நிமிரும். உங்கள் பகுதியில் பஞ்சகாலம் முடிந்து கூட்டம் பெருகத் தொடங்கும் மாதங்கள் இவைதான். இப்போது குறைந்தால் ரப்பர் தளிர் விடும்போது தேன் சேர்க்க ஆள் இருக்காது. அடிபட்ட பெட்டியில் தேனீ மூடியிருக்கும் சட்டங்களை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். காலி அடையை மெழுகு அந்துப்பூச்சி பிடிக்கும். ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்த பாகை மாலையில், இருட்டும் நேரத்தில் உள்ளே வையுங்கள். பகலில் வைத்தால் பலமான பெட்டியிலிருந்து திருட வரும். வாசலைச் சுருக்கிவிடுங்கள். ராணி இல்லாத கூட்டத்தை, நடுவில் துளையிட்ட செய்தித்தாள் ஒன்றை வைத்து ராணி உள்ள பெட்டியோடு சேர்த்துவிடுங்கள். காகிதத்தைக் கடித்து வழி செய்வதற்குள் இரண்டின் வாசனையும் ஒன்றாகிவிடும்.

தேனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புகைக்கு முன்பே மெழுகு மூடிய அறைகளில் இருக்கும் தேனுக்குப் பாதிப்பு கிட்டத்தட்டக் கிடையாது. புகை பட்ட தேனீக்களில் பெரும்பாலானவை கூட்டுக்குத் திரும்புமுன்போ வாசலிலோ செத்துவிடுவதால் உள்ளே வருவதும் சொற்பம்தான். ஆனாலும் அந்த நாட்களில் சேர்த்து, மூடாமல் இருக்கும் தேனை எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் வேண்டாம், விற்பனைக்கும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டியில் இருப்பது எப்படியும் அந்தக் கூட்டத்தின் சாப்பாடுதான். அதை அவற்றுக்கே விட்டுவிடுங்கள். தேன் அறையை ரப்பர் தளிர்க்கும் சமயத்தில் புதிதாக மேலே வைத்தால், மாசியில் அதில் சேரும் தேனில் ஐப்பசிப் புகையின் மிச்சம் இருக்காது. அதைத் தாராளமாகப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம், விற்கலாம்.